யாரைக் கேட்டாய்?

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
5 ஆகஸ்ட் 1986

டாக்டர் முத்துக்குமாரு அவர்களுக்கு,

பதினொரு வருஷம் கழித்து எழுதுகிறேன். உறவு கொண்டாட அல்ல.

இன்று காலை என் மருமகன் விஜயன் கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றான். தலைக்கவசத்தைக் கழற்றக்கூட இல்லை. அதற்குள்ளிருந்தே பேசினான்.

"மாமா, புனிதத்துக்குப் பிள்ளை பொறந்துருச்சு. பொம்பளைப் பிள்ளை. ஆறு மாசம்தான் ஆகுது. ஒரு கையில அடங்குது லா மாமா!"

என் மகள் புனிதவதிக்கு நவம்பரில்தான் நாள். நான் இன்னும் ஒரு தொட்டில்கூட விசாரிக்கவில்லை. எந்த டாக்டர் என்று கேட்டேன். அவன் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "சின்ன மாமாதான்" என்றான்.

கிள்ளானில் இத்தனை டாக்டர்கள் இருக்க, என் பேத்தி உன் வார்டிலா வந்து விழவேண்டும்!

அதையும் பொறுத்துக்கொண்டேன். அடுத்ததைச் சொன்னான் பார். "மெஷின் கிடையாதாம் மாமா. ரொம்பச் சின்னப் பிள்ளைங்கள மெஷின்ல வைக்கிறதில்லைன்னு நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க." சுவாச இயந்திரம் வார்டில் இருக்கிறது. குழந்தை வார்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நீ நிற்கிறாய்.

யாரைக் கேட்டு முடிவு செய்தாய்? அப்பா விஷயத்தில் யாரைக் கேட்டாய்? பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மனிதரின் குழாய்களைப் பிடுங்கச் சொல்லி, வீட்டுக்குத் தூக்கிப்போய்ப் படுக்கவைத்தாய். மூத்த மகன் நான் கோத்தா பாருவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு ட்ரங்க் கால் போட உனக்கு நேரமில்லை. நான் ரயிலில் வந்து இறங்கியபோது அவரைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

இம்முறை அது நடக்காது. குழந்தையை இயந்திரத்தில் வை. இன்றே வை.

உறையை ஒட்டவில்லை. ஆள் கையில் கொடுத்தனுப்பும் கடிதத்தை ஒட்டினால் கொண்டுபோகிறவனை நம்பவில்லை என்று அர்த்தம் என அப்பா சொல்லிக்கொடுத்ததை நான் மறக்கவில்லை. கொண்டுவருகிறவன் லோரிக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தாலும் சரி.

தி. சிவசம்பு


கிள்ளான்
5 ஆகஸ்ட் 1986, மாலை

அன்புள்ள அண்ணைக்கு,

காலையில் இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டேன். இரண்டு தடவையும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். ஆகவே நானும் எழுதுகிறேன். விஜயன் பக்கத்தில் நின்று காத்திருக்கிறான்.

முதலில் நல்ல சேதி. அவள் தானாக மூச்சு விடுகிறாள். தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூடு வைத்து ஆக்சிஜன் கொடுக்கிறோம். எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் கூட. தோல் அவ்வளவு மெல்லியது, உள்ளே ஓடும் இரத்தம் தெரிகிறது. கண் இமைகள் இன்னும் பிரியவில்லை. என் சுண்டுவிரலை அவள் உள்ளங்கையில் வைத்தேன், பிடித்துக்கொண்டாள்.

இயந்திரத்தைப் பற்றி. எங்கள் வார்டில் இருப்பது இரண்டு. ஒரு கிலோவுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை அதில் வைப்பதில்லை என்பது எங்கள் விதி. அதை எழுதியவன் நான்தான். எழுதியது யாரையும் வெறுத்தல்ல. இவ்வளவு சிறிய குழந்தைகளை வைத்துப் பார்த்தோம். பெரும்பாலும் பல நாள் வதைபட்டுப் போய்ச் சேர்ந்தன. அந்த நாட்களில், இயந்திரம் இருந்தால் நிச்சயம் பிழைத்திருக்கக்கூடிய பெரிய குழந்தைகளுக்கு இயந்திரம் இல்லாமல் போயிற்று. அந்தத் தாய்மாருக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் விதி வந்தது. என் அண்ணன் மகளின் குழந்தைக்காக அதை இன்று நான் கிழித்தால், நாளை எந்த முகத்தோடு வார்டில் நிற்பேன்?

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு ஒரே பதில்தான். அவர் என் சட்டைக் கையைப் பிடித்து, "என்னை வீட்டை கொண்டுபோ" என்றார். பதினொரு வருஷமாக நான் அதைக் கட்டிச் சொல்கிறேன் என்கிறீர்கள். சரி.

வந்து குழந்தையைப் பாருங்கள்.

முத்துக்குமாரு


பிரிக்பீல்ட்ஸ்
7 ஆகஸ்ட் 1986

முத்துக்குமாருவுக்கு,

விதி! என்னிடம் விதி பேசாதே. மூத்தவன் இருக்க இளையவனைத் தலைமை ஆசிரியராக்கக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. மூன்று முறை என் தலைக்கு மேலே ஆட்களைத் தாண்டவிட்டார்கள். வேலையை முகத்தில் எறிந்துவிட்டு வந்தேன். விதி என்பது எழுதுகிறவன் கையில் இருக்கிற ரப்பர் என்று அன்றே தெரிந்துகொண்டேன்.

நேற்று முழுக்கப் பல்கலைக்கழக நூல்நிலையத்தில் இருந்தேன். என் பழைய மாணவன் ஒருவன் அங்கே மருத்துவ ஏடுகளின் பக்கம் என்னை உட்காரவைத்தான். அமெரிக்காவில் ஆறு மாதத்தில் பிறந்த குழந்தைகளை இயந்திரத்தில் வைக்கிறார்கள்! பிழைக்கின்றன! நீ எழுதிய விதி பழசாகிவிட்டது. நான் இரசாயனம் படித்தவன், மருத்துவம் தெரியாது என்று சொல்வாய். ஆக்சிஜன் எது என்று எனக்குத் தெரியும். அதை உள்ளே செலுத்த ஒரு இயந்திரம் சும்மா நிற்கிறது என்றும் தெரியும். விஜயன் பார்த்திருக்கிறான். மூலையில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாயாம்.

வந்து பார் என்று எழுதியிருக்கிறாய். துடக்கு. பிள்ளை பிறந்த தீட்டு, முப்பத்தொரு நாள் கழியாமல் நான் வந்து குழந்தையைப் பார்ப்பது முறையல்ல. தவிர, நீ இருக்கிற கூரைக்குக் கீழே நிற்பதில்லை என்று அப்பாவின் எட்டாம் நாள் சடங்கில், எட்டுச் செலவு அன்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

பெரிய இடத்துக்கு எழுதுவேன். என் ஆங்கிலம் உனக்குத் தெரியும்.

தி. சிவசம்பு


கிள்ளான்
9 ஆகஸ்ட் 1986

அன்புள்ள அண்ணைக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நேற்று மத்தியானத்திலிருந்து அவள் மூச்சை மறக்கத் தொடங்கினாள். இவ்வளவு சிறியவர்களுக்கு மூச்சு விடுவது இன்னும் பழகாத வேலை. திடீரென்று நிறுத்திவிடுவார்கள். இராஜம்மா மிஸ்ஸி உள்ளங்காலை விரலால் சுண்டுவாள், இவள் நினைவு வந்து மறுபடி மூச்சு விடுவாள். மருந்தும் கொடுத்தோம். இன்று காலை சுண்டியும் நினைவு வரவில்லை. நீலம் பாய்ந்துவிட்டது.

இயந்திரம் சும்மா இருந்தது. வைத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்துக்காக வைத்தேன் என்று நினைக்காதீர்கள். பின் எதற்காக என்று கேட்டால் எனக்கே தெரியாது. இராஜம்மா குழாயை என் கையில் நீட்டிக்கொண்டு, "விதியப் படிக்கவா டாக்டர், இதப் பிடிக்கிறீங்களா?" என்றாள். பிடித்தேன்.

நிறம் திரும்பிவிட்டது. இந்த நிமிஷம் ரோஜா நிறத்தில் படுத்திருக்கிறாள். வார்டே சிரிக்கிறது. ஆனால் அண்ணை, நான் பயந்துபோய் இருக்கிறேன். இனி ஒரு பெரிய குழந்தை வந்தால் இவளை இறக்கிவிட்டு அதை ஏற்ற என்னால் முடியாது. அது கொலைக்குச் சமம். வைக்காமல் இருப்பது வேறு, வைத்ததை எடுப்பது வேறு என்று மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். பாடம் வேறு, இது வேறு.

புனிதத்துக்குக் காய்ச்சல். மேல்மாடி வார்டில் இருக்கிறாள். சம்பந்தி சீதாலெட்சுமி அம்மா, குழந்தையை இந்தக் கோலத்தில் பார்த்தால் பால் வற்றிவிடும் என்று கீழே விடவில்லை. நானும் கொஞ்சம் பொறுக்கட்டும் என்றேன். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம்.

ஒன்று கேட்க மறந்தேன். நேற்றும் முன்தினமும் கந்தசுவாமி கோயிலில் உங்களைப் பார்த்ததாக விஜயன் சொன்னான். துடக்கோடு கோயிலுக்குப் போனீர்களோ? கட்டிக்கொடுத்த மகளின் பிள்ளைக்குத் துடக்கு விஜயன் வீட்டாருக்குத்தான், நமக்கில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

முத்துக்குமாரு


பிரிக்பீல்ட்ஸ்
10 ஆகஸ்ட் 1986

முத்துக்குமாருவுக்கு,

வைத்தாய்! வைத்தாயா!

விஜயன் உன் கடிதத்தைக் கொடுத்தபோது சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகம் சோப்போடு தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டு நாகையா, "என்ன சிவசம்பு, வீடு பத்திக்கிச்சா?" என்று கத்தினார். "பேத்தி மெஷினில் இருக்கிறாள்!" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் கைதட்டினார். விஜயனை உட்காரவைத்துத் தோசை கொடுத்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவன் என் வீட்டு மேசையில் சாப்பிடுவது இது முதல் தடவை. பன்னிரண்டு தோசை தின்றான். அவன் சாதி சனம் பற்றி நான் முன்பு சொன்ன எதையும் திரும்பப் பெறவில்லை. ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறான்.

என் கடிதத்துக்காக வைக்கவில்லை என்கிறாய். சந்தோஷம். யாருக்காக வைத்தாலும் வைத்தாய். இரசாயன ஆசிரியன் சொன்னது சரி, டாக்டர் சொன்னது பிழை என்று உலகத்தில் ஒரு இடத்திலாவது பதிவாகட்டும்.

பெரிய குழந்தை வந்தால் என்று ஏன் வராததை நினைத்துக் கலங்குகிறாய்? உனக்கு எப்போதும் இந்தப் புத்தி. வெற்றி வந்தாலும் அதற்குள்ளே ஒரு நோயைத் தேடுவாய்.

துடக்கு பற்றி எழுதிய கடைசிப் பத்தியை நான் படிக்கவில்லை.

தி. சிவசம்பு


கிள்ளான்
13 ஆகஸ்ட் 1986

அன்புள்ள அண்ணைக்கு,

இரண்டு செய்திகள்.

வராதது வந்தது. திங்கட்கிழமை கெத்தாம் தீவிலிருந்து ஒரு மீனவர் தம்பதி படகில் வந்து சேர்ந்தார்கள். நல்ல எடையுள்ள ஆண் குழந்தை, மலம் கலந்த பனிக்குட நீரை உறிஞ்சி மூச்சுத் திணறல். இரண்டு இயந்திரமும் போய்க்கொண்டிருந்தன. நானும் இராஜம்மாவும் இன்னும் இரண்டு தாதியரும் மாறி மாறிக் கையாலேயே பையை அமுக்கிக் காற்றடித்தோம். விரல்கள் மரத்துப்போயின. அந்தத் தகப்பன் ஒரு மூலையில் நின்று, இவளுடைய இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. கடைசியில் கோலாலம்பூரில் இடம் கிடைத்து ஆம்புலன்சில் ஏற்றினோம். வழியெல்லாம் கையால் அமுக்கிக்கொண்டே இராஜம்மா கூடப் போனாள். பிழைத்துவிட்டது என்று இன்று சேதி வந்தது. பிழைக்காமல் போயிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதும் கை எனக்கு இருந்திருக்காது.

இரண்டாவது. இவள் தலையை ஸ்கேன் எடுத்தோம். மூளையில் ஒரு பக்கம் இரத்தம் கசிந்திருக்கிறது. கொஞ்சமல்ல, ரொம்பவும் அல்ல. நடக்கக் கஷ்டப்படலாம். படிப்பு வராமல் போகலாம். ஒன்றுமே இல்லாமல் ஓடித்திரியவும் கூடும். தெரியாது. இதைவிட நேர்மையான சொல் என்னிடம் இல்லை.

இப்படி ஆகும்போது நாங்கள் குடும்பத்தைக் கேட்பதுண்டு: தொடரவா, நிறுத்தவா? என்னைக் கேட்டால் தொடர வேண்டும் என்பேன். விதி எழுதியவனா இப்படிச் சொல்கிறான் என்று சிரிப்பீர்கள். ஆனால் ஸ்கேன் எடுத்த அதே காலையில் அவளுடைய இடது இமை பிரிந்தது. ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். பார்வை இன்னும் தெளியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்தாள்.

யாரைக் கேட்டாய் என்று பதினொரு வருஷமாகக் கேட்கிறீர்கள். இப்போது கேட்கிறேன். நீங்கள் குடும்பத்தில் மூத்தவர். சொல்லுங்கள்.

முத்துக்குமாரு


பிரிக்பீல்ட்ஸ்
14 ஆகஸ்ட் 1986

முத்துக்குமாருவுக்கு,

நிறுத்து.

கேட்டாய், சொல்லிவிட்டேன். நிறுத்து, நிறுத்து! ஒரு கண்ணால் பார்த்தாளாம்! டாக்டர் எழுதுகிற வாக்கியமா இது? நீ உருகிப்போனால் என் மகள் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டுமா?

செராஸில் இருக்கிற ஜெயராஜின் மகனை உனக்குத் தெரியும். முப்பது வயது. தகப்பன்தான் தூக்கிக் குளிப்பாட்டுகிறார். ஜெயராஜின் முதுகைப் பார்த்திருக்கிறாயா? ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் பஸ்ஸில் எனக்குத் தலை நிமிராது. புனிதம் தாயில்லாமல் வளர்ந்தவள். நான் வளர்த்தேன். நல்ல படிப்பைக் கொடுத்தேன். அதை ஒரு கிராணியிடம் கொண்டுபோய்க் கொட்டினாள். இப்போது இருபத்துநாலு வயதில் ஒரு கட்டிலோடு அவளைக் கட்டிப்போடப் பார்க்கிறாய்.

இயந்திரத்தில் வை என்று நான்தான் சொன்னேன். ஆம். அப்போது இரத்தக் கசிவு இல்லை. புதிய விளைவு வந்தால் சோதனையை மாற்றுவதுதான் விஞ்ஞானம்.

அப்பாவுக்குக் குழாயைப் பிடுங்க உனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது! இப்போது மட்டும் கை வரவில்லையா?

என் பேனா இந்த இடத்தில் மையை ஒழுக்கிவிட்டது. திரும்ப எழுத எனக்குப் பொறுமையில்லை.

தி. சிவசம்பு


கிள்ளான்
16 ஆகஸ்ட் 1986

அன்புள்ள அண்ணைக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என்னைப் பற்றி வந்ததையும் மறைக்கவில்லை.

நேற்று மாலை உங்கள் கடிதம் என் மேசைக்கு வரவில்லை. புனிதமே கீழே வந்தாள். ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி. மறு கையில் இரண்டு காகிதங்கள்; மேலே இருந்தது உங்களுடையது. அதற்கு அடியில், நான் உங்களுக்கு எழுதியவை எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் சுருக்கி எழுதியிருந்தாள். பின்னால் விஜயன், தலைக்கவசத்தைப் பெருமாள் கோயில் தட்டுப்போல ஏந்திக்கொண்டு.

அண்ணை, நாம் இரண்டு பேரும் அப்பாவுக்கு நல்ல பிள்ளைகள். ஒரு உறையைக்கூட ஒட்டவில்லை. விஜயன் ஒவ்வொரு கடிதத்தையும் முதலில் அவள் கட்டிலுக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டியிருக்கிறான். முதல் நாளிலிருந்தே! நாம் அவளுக்கு மறைத்த ஒன்றையும் அவள் அறியாமல் இல்லை.

"சித்தப்பா, முதல்ல நீங்க வேண்டாம்னீங்க. அப்பா வேணும்னார். இப்ப நீங்க வேணும்கிறீங்க, அப்பா வேண்டாம்கிறார். ரெண்டு பேரும் பக்கம் மாறிட்டீங்க, சண்டை மட்டும் மாறலை."

நான் வாயைத் திறந்தேன்.

"இருங்க, முடிக்கலை. நீங்க ரெண்டு பேரும் இன்னும் அப்பப்பாவோட கட்டிலைச் சுத்தித்தான் நிக்கிறீங்க. அப்பப்பா போய்ட்டார். இங்க படுத்திருக்கிறது என் பிள்ளை. யாரைக் கேட்டாய், யாரைக் கேட்டாய்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கார் அப்பா. என்னை யார் கேட்டீங்க?"

இராஜம்மா, "கேளுங்க டாக்டர், கேளுங்க. ஒரு வாரமா நானும் அதான் நெனைச்சேன். சம்பளம் குடுக்கிறவங்ககிட்ட எப்படிச் சொல்றது லா" என்றாள்.

பிறகு புனிதம் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் தடவையாகப் பார்க்கிறாள். அழுவாள் என்று இராஜம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. கையைக் கழுவச் சொல்லிக் கழுவிவிட்டு, வட்டக் கதவு வழியாக உள்ளே விட்டு, அந்தப் பாதத்தின் மேல் ஒரு விரலை வைத்தாள். வைத்தபடி என்னைக் கேள்வி கேட்டாள்.

"இது வலிக்குமா?"

"வலிக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். எல்லா டாக்டர்களும் அப்படி நினைப்பதில்லை."

"நடக்க மாட்டாளா?"

"தெரியாது."

"பேச மாட்டாளா?"

"தெரியாது, புனிதம்."

"தெரியாதுன்னு அப்பாவுக்கு எழுதினீங்களே. அவர் அந்தச் சொல்லை மட்டும் படிக்க மாட்டார். கண்ணு தாண்டிப் போயிரும்." கொஞ்சம் சிரித்தாள். "ஜெயராஜ் அங்கிள் மகனைப் பத்தி எழுதியிருக்கார். அப்பாவும் அங்கிளும் முன்னால உட்கார்ந்து அரசியல் பேசுவாங்க. பின்னால அந்த அண்ணன்தான் எனக்கு செஸ் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாளும் நான் ஜெயிச்சதில்லை. அப்பாவுக்கு இது தெரியாது. அவர் அங்கிளோட முதுகைத்தான் பார்த்திருக்கார்."

கெத்தாம் தீவுக் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். தலையை ஆட்டினாள்.

"நடக்கலைன்னா தூக்கிக்கிறேன். அதுக்குப் பயந்து நிறுத்த வேண்டாம். ஆனா எடுக்கப் பயந்துகிட்டு இதுலயே கட்டி வைக்கவும் வேண்டாம். அவளுக்கு மூச்சு விட வருமா வராதான்னு அவளையே ஒரு தடவை கேட்டுப் பாருங்க. தயாரானதும் குழாயை எடுங்க. வந்தா எல்லாம் செய்யுங்க, ஒண்ணும் குறைக்காதீங்க. வரலைன்னா திரும்ப மாட்டாதீங்க. என் கையில குடுத்துருங்க."

விஜயனைப் பார்த்தேன். "நாங்க பேசித்தான் வந்தோம் சின்ன மாமா" என்றான்.

அண்ணை, நான் உங்களைக் கேட்டது பிழையான ஆளைக் கேட்டது. உங்களுக்குக் கோபம் வரட்டும்.

இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருகிறேன். இன்று தாங்குகிறாள். திங்கட்கிழமை காலை குழாயை எடுக்கிறோம். அப்பா வர வேண்டும் என்று புனிதம் சொல்லச் சொன்னாள். துடக்கு, கூரை எதையும் சொல்லக் கூடாதாம். அதற்கு முன்பே பெயர் வைத்துவிடுவோமா என்று அவளிடம் மெல்லக் கேட்டேன். எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது. "முப்பத்தொண்ணு வரட்டும் சித்தப்பா. மற்றப் பிள்ளைகளுக்கு எப்படியோ அப்படித்தான் இவளுக்கும்" என்றுவிட்டாள்.

வாருங்கள்.

முத்துக்குமாரு


கிள்ளான், ஆஸ்பத்திரி கேன்டீன்
18 ஆகஸ்ட் 1986

தம்பி,

நீ மேலே இருக்கிறாய், நான் கீழே உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். பார்க்கிறவன் பைத்தியம் என்பான். காலையில் ஒரு மணிநேரம் உன் தோளுக்குப் பக்கத்தில் நின்றேன். பேச வந்தபோது நீ அடுத்த குழந்தையிடம் போய்விட்டாய். அதனால் கேன்டீன்காரரிடம் காகிதம் வாங்கினேன்.

எப்படி வந்தேன் தெரியுமா? விஜயனின் மோட்டார் சைக்கிளில்! ஐம்பத்துமூன்று வயதில், தலைக்கவசம் கண்ணுக்கு இறங்க, ஃபெடரல் நெடுஞ்சாலையில் லோரிகளுக்கு நடுவே. ஷா ஆலம் தாண்டும்போது, "மெதுவாகப் போடா!" என்று கத்தினேன். "மெதுவாப் போனா நமக்கு முன்னாடி அவ தானா மூச்சு விட்டுருவா மாமா!" என்று திருப்பிக் கத்தினான். அவன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தேன். இதை யாரிடமும் சொல்லாதே.

உள்ளே வந்து முதல் தடவை அவளைப் பார்த்தேன். நான் உனக்கு எழுதிய எல்லாக் கடிதங்களையும் இவளைப் பார்க்காமல் எழுதியிருக்கிறேன். வை என்றேன், நிறுத்து என்றேன். எதை என்று தெரியாமலே சொன்னேன். அவளுக்கு என்னுடைய காது, தம்பி. மடல் மேலே கூராக, அப்பாவுக்கும் உனக்கும் இருக்கிற அதே அசிங்கமான காது.

நீ குழாயை எடுத்தாய். நான் இயந்திரத்தைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தேன். கை ஆடவில்லை. புனிதம் அந்தப் பாதத்தில் விரலை வைத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இராஜம்மா மிஸ்ஸி புனிதத்தைப் பார்த்து, "நீயே சுண்டும்மா" என்றாள். சுண்டினாள். ஒன்றுமில்லை. விஜயன் என் கையைப் பிடித்தானா, நான் அவன் கையைப் பிடித்தேனா, நினைவில்லை. நீ இயந்திரத்தின் பக்கம் திரும்பவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற உன் கழுத்து நரம்பு எப்படிப் புடைத்தது என்று நான் பார்த்தேன். அப்பாவின் கட்டிலருகில் நீ எப்படி நின்றிருப்பாய் என்று பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது.

புனிதம் இன்னொரு முறை சுண்டினாள். நெஞ்சு உள்ளே போயிற்று, வயிறு எழும்பிற்று, பிறகு அந்தச் சத்தம்! முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவன் சொல்கிறேன், ஈரச் சுண்ணக்கட்டி கரும்பலகையில் வழுக்கும்போது வருகிற சத்தம். அவ்வளவுதான். குழாய் போனபின் அவள் போட்ட முதல் குரல் அது. வகுப்பில் அந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் பல் கூசும். இன்று, இன்னொரு முறை, இன்னொரு முறை என்று கத்தினேன். இராஜம்மா, "தாத்தா, இது வார்டு! மீன் பாசார் இல்ல!" என்று அதட்டினாள். என்னை யாரும் தாத்தா என்று கூப்பிட்டதில்லை.

மத்தியானத்துக்குள் இரண்டு தடவை மூச்சை மறந்தாளாம். காலைச் சுண்டினால் நினைவு வந்துவிடுகிறதாம். நாளைக்கும் மறப்பாள். நடப்பாளா, படிப்பாளா, தெரியாது. பார், எழுதிவிட்டேன். படிக்கவும் பழகிக்கொள்கிறேன்.

புனிதம் சில கட்டளைகள் போட்டிருக்கிறாள். முப்பத்தோராம் நாள் பெட்டிக்குப் பக்கத்திலேயே பெயர் வைப்பதாம். என்ன பெயர் என்று நீயும் நானும் கருத்துச் சொல்லக் கூடாதாம். அன்று நீ கட்டாயம் இருக்க வேண்டுமாம். பெட்டிக்குக் கேட்கிற தூரத்தில் நாம் இரண்டு பேரும் குரல் உயர்த்தக் கூடாதாம்.

அப்பா விஷயத்தில் உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அது முடியவில்லை. பெயர் வைத்த கையோடு பிரிக்பீல்ட்ஸுக்கு வா. சோறு போடுகிறேன். ட்ரங்க் கால் ஏன் வரவில்லை என்று நான் கேட்கிறேன், அவர் சட்டைக் கையைப் பிடித்ததை நீ முழுசாகச் சொல். முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல். நான் நடுவில் கத்துவேன். நீயும் கத்தலாம். அங்கே பெட்டி இல்லை.

இந்தக் கடிதத்தை விஜயனிடம் கொடுக்கவில்லை. அவன் என் மகளோடு உட்கார்ந்திருக்கிறான், இருக்கட்டும். நானே மாடியேறி வந்து உன் கையில் தருகிறேன். நீ படித்து முடிக்கும்வரை உன் முன்னாலேயே நிற்பேன்.

அண்ணை